ஆயிரம் பேர், ஒரே போர்க்களம்

வியாழன், ஆடி 23

படுத்தும் தூக்கம் வரவில்லை. மதியம் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கேம் கம்பெனிக்குத்தான் எங்கள் பனியன் கம்பெனியில் இப்போது பனியன் தயாரிக்கிறோம். நெஞ்சில் 'ஆயிரம் பேர், ஒரே போர்க்களம்' என்று ஆங்கிலத்தில் பிரிண்ட். அந்த ஆட்டம் அருள்புரம் பிரவுசிங் சென்டரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் போய் ஆடினேன். விளம்பரப் படத்தில் குதிரையும் கொடியுமாகக் கூட்டம் நெரிந்தது. உள்ளே வெறும் பொட்டல். வெகுநேரம் நடந்தபின் ஒரே ஒருவன் எதிரே வந்தான். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று எழுதினான். நான் பதில் அடிப்பதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டம் ஓடாவிட்டால் பனியனை யார் எடுப்பார்கள்? பயந்துபோய் முதலாளியிடம் சொன்னேன்.

"சார், படத்துல காட்டுனது ஒண்ணு, உள்ளார இருக்கறது ஒண்ணுங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நாம அனுப்புன சாம்பிள் யாரு தெச்சது, கண்ணு?"

"நம்ம மல்லிகாக்காங்க." எங்கள் கம்பெனியிலேயே சுத்தமாகத் தைக்கிறவர் அவர்தான். எல்லா சாம்பிளும் அவர் கையால் தைத்துத்தான் போகும்.

"மொத்த ஆர்டரு?"

"வெளிய கூலிக்குத் தைக்கறவங்களுக்கு ஜாப் ஒர்க்காக் குடுத்தோங்க."

அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். நான் பெட்டிகளைப் பார்க்கப் போனேன்.

நாளை காலையில் அந்த கேம் கம்பெனியின் ஆள் சரக்கைப் பார்க்க வருகிறார். ஒப்பிட்டுப் பார்க்க மல்லிகாக்கா தைத்த சாம்பிள் பனியனைக் கையோடு கொண்டுவருவார். மேல் பெட்டிகளில் நல்ல பீஸாகப் பொறுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன். கோணல் தையலெல்லாம் இருக்கிற அடிப் பெட்டியை எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?