கராஜ் தரையில் இரண்டு கோடு

பிளாட் புஷ், ஓக்லன்ட்
யூலை 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அன்றூவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் காவலில் நீ அங்கே தெற்குத் தீவில், ருவைசலில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் பொய்யோடு கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. அப்பா இப்போது எழும்பி நடக்கிறார், சாப்பிடுகிறார், நீ பயப்படாதே. பார்சலில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கம்பளிக் காலுறை ஆறு சோடியும் வைத்திருக்கிறேன். அவற்றுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், அது என்னவென்று பிறகு சொல்கிறேன், முதலில் இதை முழுவதும் வாசி, உன் வழக்கப்படி கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதே.

போன மாதக் கடைசியில் நீ கோல் எடுத்து உன் வேலையைப் பற்றி அப்பாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. அங்கே விடிய மைனஸ் ஆறு, நிலம் உறைந்து கிடந்தால் அதன்மேல் கொங்கிறீற்று போடக்கூடாது, நிலத்தை முதலில் இளக்கி, வெந்நீரில் கலந்ததை இறக்கி, மேலே படங்குத் துணியால் கூடாரம் அடித்து உள்ளே காஸ் ஹீற்றர் வைத்து, முதல் மூன்று நாள் பனி தொடாமல் காத்தால் கார் விடுகிற அந்த டிரைவே முப்பது வருஷம் தோல் உரியாமல் கிடக்கும் என்று சொன்னாய். அப்பா ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். மன்னாரில் கொங்கிறீற்று வெயிலில் வெடித்துப் போகாமல் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றியே பழகின மனுசன், குளிரை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. போனை வைத்ததும், பார்த்தியா விக்ரோறியா, இவன் எனக்கே பாடம் எடுக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அடுத்த நாள் என்னோடு வேலை செய்கிற ஜனுஷாவின் தகப்பன் வரைக்கும் அந்தப் பெருமை போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகு போன சனிக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் கோயிலுக்குப் பின்தெருவில் சோதிலிங்கம் வீட்டுக் கராஜுக்கு அப்பாவும் அவரோடு வேலை செய்கிற மாரிசாமியும் புதுத்தரை போட்டார்கள். அந்தக் குடும்பம் மெல்பேணுக்குப் போயிருந்தது, சாவி அப்பாவிடம். ஓக்லன்டில் உன் இடம்போல் குளிர் இல்லைத்தான், ஆனால் அன்றைக்கு விடியப் புல்லெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது, மத்தியானமும் சூடு ஏறவில்லை. இரண்டு மணிக்குக் கொங்கிறீற்று இறக்கி மட்டம் பார்த்தாயிற்று, ஆனால் அது இறுகவே இல்லை, இறுகினால்தானே மினுக்கலாம். மாரிசாமி மகளின் பிறந்தநாளென்று மூன்று மணிக்கே போய்விட்டான். அப்பா தனியே நின்று யோசித்திருக்கிறார், நீ சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் காஸ் ஹீற்றரைக் கொண்டுபோய், வீட்டுக்குள் போகிற படியில் வைத்துப் பற்றவைத்து, சூடு வெளியே போகாமல் றோலர் கதவை நிலம் முட்ட இறக்கிவிட்டு, பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் குந்தியிருந்தார். அவ்வளவுதான் மகன் அவர் செய்தது.

சனி மாலைப் பூசைக்கு வருவேன் என்றவர் வரவில்லை. ஐந்தே முக்காலாகியும் காணவில்லை, பக்கத்தில் இருந்தவளின் போனை வாங்கி எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. பாதர் பிரசங்கம் தொடங்கிவிட்டார், நான் இடையில் எழும்பி நடந்தேன், பாதி வழியில் ஏனென்று தெரியாமல் ஓடினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. றோலர் கதவைத் தூக்கினால் முகத்தில் அடித்தது வெறும் சூடு, புகையும் இல்லை மணமும் இல்லை. அவர் அந்தக் கோடியில் சுவரில் சாய்ந்து, மடியில் மினுக்குகிற கரண்டியோடு நித்திரைபோல இருந்தார். கன்னம் சிவந்து நல்ல வடிவாய் இருந்தார், அதைத்தான் மகன் என்னால் மறக்க முடியவில்லை. கூப்பிட்டேன், தட்டினேன், கண் திறக்கவில்லை. அந்தப் பச்சைக் கொங்கிறீற்றுக்குள்ளே கால் புதையப் புதைய, கமக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுவிட்டுத்தான் கத்தினேன். அம்புலன்ஸ் வந்தது. இரவு முழுக்க ஒட்சிசன். காபன் மொனொக்சைட் என்று டொக்டர் சொன்னார், அடைத்த இடத்தில் எரிகிற காஸ் அதைத்தான் கக்குமாம், கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, தலையிடியும் சத்தியெடுப்பும் வந்தால் அது புண்ணியமாம், ஆள் எழும்பி வெளியே வந்துவிடுவானாம், பலருக்கு நித்திரைதான் வருமாம். இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார். சில கிழமைக்கு மறதி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். முந்தநாள் குசினியில் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு வந்தேன் என்று நின்றார். எனக்கும் அப்படி வருகிறதுதான், ஆனால் இப்போது அவர் எதை மறந்தாலும் நான் கலண்டரில் குறித்து வைக்கிறேன்.

அன்றைக்கு ஆசுப்பத்திரியில் கண் திறந்ததும் அப்பா முதல் சொன்னது, "அன்றூவுக்குச் சொல்லாத. தான் சொல்லித்தான் நடந்ததெண்டு பிள்ளை நினைப்பான்." மாதாவின் பேரில் சத்தியமும் வாங்கிவிட்டார், இதைப்பற்றி உன்னோடு வாய் திறக்க மாட்டேன் என்று. வாயைத்தானே கேட்டார், கையைக் கேட்கவில்லை. வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இருக்கிறார். ஜனுஷாவின் போனிலிருந்து இரண்டு தரம் எடுத்தேன், தெரியாத நம்பரென்று நீ எடுக்கவில்லை. போன ஞாயிறு நீ கோல் எடுத்தபோது, வெளியே நின்றால் விறைக்கிறது அம்மா, நான் கூடாரத்துக்குள் ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் குந்தியிருக்கிறேன், சூட்டில் நித்திரை தூக்குகிறது என்று சிரித்தாய். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். கவனமடா, காற்றுப் போக விடு என்று மட்டும் சொன்னார், நீ ஓம் ஓம் என்று வெட்டிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வருகிற வெள்ளி அடுத்த தளம் போடுவதாகச் சொன்னாய், இதை நாளைக்கே கூரியரில் போடுகிறேன், வியாழன் உன் கையில் கிடைக்குமாம்.

உன்னில் பிழை இல்லை. நூறு தரம் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். ஆனாலும் நீ அழுவாய், எனக்குத் தெரியும். அழு மகன், உயிரோடு இருந்து அழு. கூடாரத்துக்குள் குந்தாதே, எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் படங்கை இரண்டு பக்கமும் தூக்கிக் காற்று விட்டுவிட்டுப் போ, தனியே போகாதே. ஹீற்றரை வெளியே வைத்துச் சூட்டைக் குழாயால் உள்ளே விடுகிற வகை இருக்கிறதாம், உன் முதலாளியிடம் கேள், இல்லையென்றால் போர்வையால் மூடுங்கள், அதுவும் போதாதென்றால் அந்த டிரைவே தோல் உரிந்து போகட்டும். சோதிலிங்கம் வந்து தரையைப் பார்த்தார். அப்பாவின் இரண்டு குதிக்காலும் இழுபட்ட கோடு படியிலிருந்து வாசல் வரைக்கும் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. உடைத்துத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று அப்பா தலை குனிந்து நின்றார். அந்த மனுசன், கிடக்கட்டும் பற்றிக் அண்ணை, கார் நின்றால் ஆருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். நான் அந்தத் தெருவால் இப்போது போகிறதில்லை.

வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பது அந்தக் காற்றைப் பிடித்துக் கத்துகிற அலாரம். பற்றறி போட்டிருக்கிறேன், வேலைக்குப் போகும்போது ஜக்கெற்றில் கொழுவிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடு, செபம் சொல்ல மறவாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

வியாழன் பின்னேரம் கோல் எடு, மறக்காதே. அப்பா ஸ்பீக்கரில் போடுவார். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெட்டியின் நடுவில் இருக்கிற பொத்தானை அமத்து, அது கத்துகிறதை என் காதால் கேட்க வேண்டும். அது என்ன சத்தமென்று அப்பா கேட்பார். அவருக்கு நான் சொல்லுகிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா விக்ரோறியா