இடது பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள முத்துவீரன் அண்ணனுக்கு,

தம்பி பாண்டிதுரை எழுதுவது. அம்மா சுகம். அப்பா விஷயம் கீழே. உன் போலீஸ் பயிற்சி முகாமில் ஞாயிறு மட்டும்தான் போனைத் தருகிறார்கள். அன்றைக்கும் அப்பா என்னிடம் பேசக் கொடுப்பதில்லை. அதனால்தான் இந்த ஸ்பீட் போஸ்ட்.

முதலில் நீ அப்பாவிடம் கேட்டுவிட்டதற்குப் பதில். டிவியையும் நீ வாங்கித் தந்த ஆம்ப்ளிஃபயரையும் இணைக்க ஆப்டிகல் கேபிளே போதும். கோஆக்சியல் செம்புக்கம்பி, தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் உர்ரென்று இரைந்தது. ஆப்டிகலில் போவது வெறும் வெளிச்சம், இரைச்சல் இல்லை. எச்டிஎம்ஐ போட்டால் ஒரே ரிமோட் போதும், வேறு லாபமில்லை. விலை கூடிய கேபிள் அனுப்புகிறேன் என்கிறாய். அனுப்பாதே. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் சத்தம் ஒரே கேபிளில்தான் போகிறது. அது கெட்டால் இரண்டும் கெடும்.

அப்பாவோ போன வாரத்திலிருந்து, "எடது பெட்டி பாடல, ஒன் வயரு சரியில்ல" என்கிறார். மில்லில் மெஷின் கோளாறைத் தேடுவதுபோல ஒவ்வொன்றாக மாற்றினேன். கேபிளை மாற்றினேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் என்றார். எரிச்சலில் அவர் நாற்காலியைத் திருப்பி, பெட்டிகளுக்கு முதுகு காட்டி எதிர்ச்சுவரைப் பார்க்க உட்கார வைத்தேன். செத்த நேரம் கேட்டுவிட்டு, "இப்ப அது பாடுதுலே. மத்தது நின்னுபோச்சு" என்றார்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன். கோளாறு அப்பாவின் இடது காதில், அண்ணே.

போனைக்கூட வலது காதுக்கு மாற்றிவிட்டார். நேற்று கூமாப்பட்டி வயலுக்கு மொபட்டில் போகையில், கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் இடப்பக்கம் வந்த பஸ்ஸின் ஹார்ன் கேட்கவில்லை. மொபட்டின் பக்கக் கண்ணாடி உடைந்ததோடு தப்பினார். "அந்தப் பயலுக்கு ஓட்டத் தெரியல" என்கிறார்.

ராஜபாளையத்தில் காது டாக்டரைக் கேட்டேன். திடீரென்று காது அடைத்தால் உடனே மருந்து தொடங்கணுமாம், தள்ளிப்போட்டால் திரும்பாதாம். அப்பாவிடம் சொன்னால், "பெட்டியப் பாருலே, என்னைய எதுக்குப் பாக்க?" என்று பாய்கிறார். நான் கத்த, அவர் கத்த, அம்மா அழ, வீடு இப்படிக் கிடக்கிறது.

ஞாயிறு வரை காத்திராதே. அனுமதி வாங்கி உடனே போன் போடு. அப்பாவிடம் போனை இடது காதில் வைக்கச் சொல். பிறகு எதையாவது பேசு. அவர் "அலோ, அலோ" என்பார். நான் சொல்லி நம்பாததை, உன் குரல் கேட்காதபோது நம்புவார். வலது காதுக்கு மாற்றியதும், நாளைக்கே தம்பியோடு டாக்டரிடம் போகச் சொல்.

திட்டாதே. அதை நான் போதுமான அளவு செய்துவிட்டேன்.

உன் போனுக்காக லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கும்,
பாண்டிதுரை