மோர்ப் பந்தலில் பார்த்த முகம்

2005, ஆனிப் பௌர்ணமி

கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் கடைக்கு எதிரே ஓர் இன்ஜினியரிங் காலேஜ் பந்தல் போட்டு இலவசமாக மோர் கொடுத்தது. வருஷா வருஷம் ஃபீஸை ஏற்றுகிறவர்களுக்கு மோரில் மட்டும் என்ன தாராளம்? என் மகள் கவிதாவை அங்கே சேர்க்கக் கிணற்றடி நிலத்தை விற்க வேண்டும். வீட்டுக்காரர் வாங்க ஆளும் பிடித்துவிட்டார்.

நானும் மோர் வாங்கப் போனேன். வேலை கிடைத்த பழைய மாணவர்களின் போட்டோக்களோடு புதுப் பேனர் கட்டியிருந்தார்கள். முதல் போட்டோவில் இருந்தவனே எனக்கு மோர் ஊற்றினான்.

"பெங்களூர்ல வேலைன்னு போட்டிருக்கே தம்பி?"

"லீவுல வந்திருக்கேங்க. வீட்டுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்காங்களா? சீட்டு கம்மியாத்தான் இருக்கு, சீக்கிரம் சேத்துடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"லீவுலதான் வந்திருப்பாரும்மா. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்று கவிதா சிடுசிடுத்தாள்.

இருக்கலாம். ஆனால் போன பௌர்ணமிக்கும் அவன்தான் மோர் ஊற்றினான். அதற்கு முந்தின பௌர்ணமிக்கும் அவன்தான். நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்தவனுக்கு அவர்கள் கொடுத்த வேலையே இதுதானோ?

காலையில் நிலம் பார்க்க ஆள் வருகிறார். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். நிலப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.