மருந்து மணக்கும் குழாய்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு ஆளிடம் சொல்லி எழுதவைத்த கடிதம் இல்லை இது. முழுக்க என் கை. எழுத்து பெரிசும் சிறிசுமாக இருந்தால் பொறுத்துக்கொள். காலமெல்லாம் பெயின்ட் பிரஷ் பிடித்து ஆளுயரச் சுவரில் ஓடிய கைக்கு, இரண்டு கோட்டுக்குள் நிற்கத் தெரியவில்லை.

எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் நான் சேர்ந்ததை உன் கணவன் சொல்லியிருப்பான். இப்போது எதைக் கண்டாலும் படித்துவிடுகிறேன். பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகை, சுவர் விளம்பரம், முன்னால் நிற்பவரின் கைப்பை வரை ஒன்றையும் விடுவதில்லை. உன் அத்தை, “வாயை மூடிட்டு வரவே மாட்டீங்களா, எல்லாரும் பார்க்கறாங்க” என்கிறாள். பார்க்கட்டுமே!

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் எழுதிய முதல் கடிதம் உனக்கு அல்ல, குடிநீர் அலுவலகத்துக்கு. வகுப்பில் யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார்கள். உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். வாண்டை அழைத்துக்கொண்டு வா என்று எழுதலாம். எந்தத் தண்ணீரைக் குடிக்க வா என்று எழுதுவது? போன தடவை வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு உன் கணவன் மட்டும்தான் வந்து போகிறான். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் தாளைத் திருப்பிப்போட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்து என் பேத்தி படுத்துவிட்டாள், வந்து பாருங்கள், அவள் மறுபடி வர வேண்டும். அவ்வளவுதான்.

கிணற்றில் போட்ட கல் என்று கட்டடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பெட்டியோடு படியேறி வந்து, “இதை எழுதினது யாருங்க?” என்று என் தாளைக் காட்டிக் கேட்டாள். நான்தான் என்று சொல்லிவிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

நம் சமையலறைக் குழாய் இரண்டும் உனக்குத் தெரியும். ஒன்று தெருவிலிருந்து நேராக வருவது. மருந்து மணக்கிறது என்று இங்கே ஒருவரும் அதைக் குடிப்பதில்லை. மற்றது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குவது. வாசனையே கிடையாது. மூன்றாம் மாடிக் கூஜா, அதுதான் எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவாரே, அவர் அதை இளநீர் என்பார். வாண்டுக்கும் அதைத்தான் கொடுத்தோம்.

அந்தப் பெண் இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குப்பிக்கொரு மாத்திரை போட்டு ஆட்டினாள். மருந்து மணக்கும் தண்ணீர் ரோஜா நிறமானது. போச்சுடா, விஷம் என்று நினைத்தேன். தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. கூஜாவுக்கு ஒரே குஷி. “பார்த்தீங்களா, நம்ம தண்ணி தங்கம்!” என்றார். அவள் சிரிக்கவில்லை. “சிவந்தா மருந்து இருக்குன்னு அர்த்தம் சார். சிவக்காததுலதான் கிருமியை அடிக்க ஒண்ணுமே இல்லை. தொட்டி எங்க இருக்கு, காட்டுங்க” என்றாள்.

மேலே போய்ப் பார்த்தால் தொட்டியின் மூடி எப்போதோ காற்றில் விழுந்து உடைந்து கிடக்கிறது. உள்ளே பாசி, புறா இறகு, இன்னும் என்னென்னவோ. எழுதினால் உனக்குச் சோறு இறங்காது. கூஜா தன் கையிலிருந்த தண்ணீர்க் கூஜாவைத் திறந்து ஓரத்துப் பூந்தொட்டியில் கவிழ்த்தார்.

உன் அத்தை முட்டி வலியோடு அத்தனை மாடியும் ஏறி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உடைந்த மூடித் துண்டுகளைத் தானே பொறுக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் வைத்து உன்னிடம், “நாங்க எல்லாரும் இதைத்தானே குடிக்கிறோம், உன் பிள்ளைக்கு மட்டும்தான் ஒத்துக்கலையா” என்று கேட்டாளே. அது உன் காதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் காதிலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆள் வைத்துத் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். வேலைக்கு வந்தது இரண்டு பேர், மேஸ்திரி உன் அத்தை. “அந்த மூலையை விட்டுட்டியேப்பா, உன் வீட்டுப் பிள்ளை குடிக்கிறதா இருந்தா விடுவியா?” என்று விரட்டிய விரட்டில், “பாட்டி, நீங்களே உள்ள இறங்கிடுங்க” என்று கும்பிட்டுவிட்டார்கள். புது மூடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி அவள் இடுப்பில். கூஜா கேட்டும் கொடுக்கவில்லை.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் தெருக் குழாய்தான். டீயில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று கூஜா முகத்தைச் சுளிக்கிறார், பிறகு இன்னொரு கப் கேட்கிறார். அந்தப் பெண் திரும்ப வந்து தண்ணீர் எடுத்துப் போனாள். இரண்டிலும் கிருமி இல்லை என்று தாள் வந்தது. மாடி மாடியாகப் போய் அதை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். ஆனாலும் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். காய்ச்சித்தான் கொடுப்போம்.

உன் அத்தை இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாத தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “ஒண்ணும் வேண்டாம், வாண்டு ஒழுங்கா சாப்பிடறாளான்னு கேளுங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “லீவு எப்பன்னு கேளுங்க” என்றாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, இதை ஒரு சொல் மாற்றாமல் எழுதச் சொன்னாள்: “பிள்ளைக்கு வேணுங்கற தண்ணியை அவளே கொண்டு வரட்டும். நான் ஏன்னு கேட்க மாட்டேன். வந்தா போதும்.”

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா. வாண்டு ஒரு நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும். போனில் வேண்டாம், பதிலை எழுதியே அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது, உன் அத்தைக்கு நான் தடங்கல் இல்லாமல் படித்துக் காட்ட வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
உன் மாமா