மெஷின் வருவதற்கு முன் ஒரு ஞாயிறு

இன்று காலை மேஜை இழுப்பறையில் இஞ்ச் டேப்பைத் தேடினேன். கைக்கு வந்தது உன் ரோசின் கட்டி. வயலின் வில்லில் தேய்க்கிற அந்தப் பழுப்பு நிறப் பிசின், ஓரம் உடைந்து, ஒரு துண்டு வெள்ளைப் பனியன் துணியில் சுற்றிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணியும் மரத்தூளும் கலந்தாற்போன்ற வாசம் இன்னும் போகவில்லை. வெளியே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செக்கிங் மேஜையிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சர்ச்சுச் சுவருக்கு வெளியே நான் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பேன், நீ பாட்டுக்குழுவில் வாசித்து முடித்துவிட்டு வருவதற்காக. உள்ளே என்ன வாசிக்கிறாய் என்று நான் காது கொடுத்ததே இல்லை. எப்போது முடியும், எப்போது பொரி சாப்பிடப் போகலாம் என்பதுதான் என் கவலை. பிறகு நீ சென்னைக்குப் போனாய். சினிமாப் பாட்டு ஒலிப்பதிவுகளில் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பவர்களில் ஒருத்தியானாய். அங்கிருந்து வெளிநாடு. நான் இங்கேயே, திருப்பூரில், இந்தப் பனியன் கம்பெனியில், துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் சேர்ந்து, அந்த செக்கிங் பிரிவுக்கே பொறுப்பாளராகவும் ஆகிவிட்டேன்.

ஒரு நாள் போனில் சொன்னாய்: "இப்ப பரோக் மட்டுந்தான் வாசிக்கறேன் புள்ள. முந்நூறு வருசத்துக்கு முந்துன பாட்டு. தொணைக்கு ஆரும் கெடையாது. மேளமில்ல, பியானோ இல்ல. ஒத்த வயலின், ஒத்த ஆளு."

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"அதுதான் ருசியே" என்றாய்.

அங்கே பழைய கல் தேவாலயங்களில் நீ தனியாக நின்று வாசிப்பதைக் கேட்க மழையில் வரிசையில் நின்றார்களாம். ஒரு கிழவர் ஊர் ஊராக உன் பின்னாலேயே வந்து முதல் வரிசையில் உட்காருவாராம். இதையெல்லாம் நீ சொல்லவில்லை. உன்னோடு தங்கியிருந்த பெண் ஒருமுறை போனை வாங்கிச் சொன்னதால் தெரியும்.

உன் அம்மா தவறியதும் அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் நீ திரும்பி வந்தாய். உன் அப்பா ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர், துணியை அளந்து வெட்டுகிறவர். ஊரில் எல்லோருக்குமே அவர் 'மாஸ்டர்'தான். உங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி. அந்த இரைச்சலுக்கு நடுவே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு நீ பயிற்சி செய்வாய். பக்கத்து வீட்டம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "பொண்ணு நல்லாத்தானுங்க இழுக்குது. ஆனா பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

கல்யாண வரவேற்புகளுக்கு அழைத்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் நின்று இரண்டு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். நீயும் முகம் கோணாமல் வாசித்துவிட்டு வந்தாய். மாஸ்டரிடம் ஒருநாள் நான் கேட்டேன், பொண்ணு வாசிக்கறதை நீங்க கேட்டிருக்கீங்களா என்று. அவர் சிரித்தார். "டீவில பாத்திருக்கேனுங்க அம்மிணி. நாப்பது பேரு ஒண்ணா உக்காந்து இழுக்கறாங்க. அதுல எம் பொண்ணோட சத்தம் எதுன்னு எனக்கு எப்பிடீங்க தெரியும்? ஊட்லயும் கதவச் சாத்திக்கிட்டுத்தான் வாசிக்குது. கேட்டா, இது பழகறதுப்பா, இதக் கேக்கக் கூடாதுங்குது."

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாலை நீ மெதுவாகச் சொன்னாய்: "ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்குக் கூப்படறாங்க. போயிரலாம்னு இருக்கேன். மேடையெல்லாம் போதும். கேக்கறதுக்கு ஆளில்லாம வாசிக்கறது செவுத்துகிட்டப் பேசறாப்பல இருக்குது."

நீ டீச்சராவதில் எனக்கு வருத்தமில்லை. நீ அதைச் சொன்ன குரல்தான் என்னை உலுக்கியது. இழவு வீட்டில் பேசுகிறவள் போலப் பேசினாய். எனக்கு ஏதோ வீம்பு வந்துவிட்டது. "ஆளு கூட்டிட்டு வர்றது எம் பொறுப்பு. வாசிக்கறது உம் பொறுப்பு" என்றேன். எப்படிக் கூட்டி வருவேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது.

முதலில் எங்கள் குடோனுக்கு அழைத்துப் போனேன். துணி உருளைகளும் அட்டைப் பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. நீ ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வில்லைத் தாழ்த்தினாய். "துணி சத்தத்தக் குடிச்சிருது புள்ள." வேறு வழி தெரியாமல் மாடிக்குக் கூட்டிப்போனேன். புதிதாகக் கட்டி முடித்த தளம். அடுத்த வாரம் நிட்டிங் மெஷின்கள் வருவதாக இருந்தது. அதுவரை வெறும் சிமென்ட் தரை, பூசிய சுவர், உயரமான கூரை, அவ்வளவுதான். நீ நடுவில் போய் நின்று ஒரு முறை கை தட்டினாய். சத்தம் எழுந்து, சுற்றி வந்து, மெல்ல இறங்கியது. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். "அய்யோ, இது சர்ச்சு மாதிரியே இருக்குது" என்றாய். ஊருக்குத் திரும்பிய பிறகு அன்றுதான் நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

முதலாளியிடம் போய், உன் வாசிப்புக்கு ஒரு நாள் மாடியைத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "அது எந்த ஊருப் பாட்டுங்க?"

"ஜெர்மனிங்க சார்."

நிமிர்ந்து பார்த்தார். "மெஷினும் ஜெர்மனி, பாட்டும் ஜெர்மனிங்களா? அப்பச் செரி. ஞாயித்துக்கெழம வெச்சுக்கங்க. திங்கக்கெழம மெஷின் வந்துரும். அதுக்குள்ள எடத்தக் காலி பண்ணிக் குடுத்துரோணும்."

ஞாயிறு மாலை நாலு மணி. நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். டைலர்கள், செக்கிங் பெண்கள், விடுதியிலிருந்து ஒடிசாப் பெண்கள், பேக்கரிக்காரர். பாதிப் பேர் என் முகத்துக்காக வந்தவர்கள். மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் ஓர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நீ வயலினோடு வந்து நின்றாய். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஏனுங்க, பக்கவாத்தியக்காரங்க வர நேரமாகுமுங்களா?"

"அவ ஒருத்திதானுங்க சார்."

"ஒருத்தியேவா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிதாபத்தை நான் மறக்கவே மாட்டேன்.

நீ தொடங்கினாய். மெதுவான ஒரு பகுதி. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரண்ட் போனது. உனக்கு மைக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, அதனால் கவலையில்லை என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்துக் கம்பெனியில் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார்கள். அவசர ஷிப்மென்ட், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஜன்னலே அதிர்ந்தது. நீ நிறுத்தவில்லை. உன் வில் போவதும் வருவதும் தெரிந்தது, சத்தம்தான் கேட்கவில்லை. அப்போது எங்கள் தையல் வரிசையின் மூத்த டைலர் முருகேஸ்வரி, தேனிக்காரி, சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் பின்னால் ஒரு கூட்டமே எழுந்து வெளியே போனது. படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். நான் உன்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

திடீரென்று ஜெனரேட்டர் நின்றது.

அந்த அமைதியில் உன் வயலின் மட்டும் தனியாகக் கேட்டது. நீயே திடுக்கிட்டு வில்லை நிறுத்தினாய். படியில் மறுபடியும் செருப்புச் சத்தம். போனவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் ஏறி வந்தார்கள். முருகேஸ்வரி முன்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஏக்கா, ஒரு மணி நேரம் நிப்பாட்டுங்கன்னு கெஞ்சுனோம். மாட்டேன்னாய்ங்க. சரி, ஒரு நிமிசம் வந்து கேளுங்க, பிடிக்கலைன்னா போய் ஓட்டிக்கங்கன்னேன். எல்லாரும் வந்துட்டாய்ங்க." பின்னால் பக்கத்துக் கம்பெனி ஆட்கள், பஞ்சுத்தூள் படிந்த தலையோடு. அவர்களுடைய மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

நீ அவர்களைப் பார்த்தாய். "மொதல்ல இருந்து வாசிக்கட்டுங்களா?" என்று கேட்டாய்.

"வாசிங்க கண்ணு" என்றார் பேக்கரிக்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது. குறை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள் நான். எதைப் பார்த்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் கண் போகும். அன்று போகவில்லை. உன் வில் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. கீழே ஒரு குரல் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொன்று பதில் சொன்னது, நடுவில் மூன்றாவது ஒன்று குறுக்கே புகுந்தது. வேகமான பகுதியில் உன் விரல்களைக் கண்ணால் தொடர முடியவில்லை. ஒடிசாப் பெண்கள் ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நீண்ட பகுதி. சோகமாகத் தொடங்கி, நடுவில் வெயில் வந்தாற்போல் திறந்து, மறுபடி இருண்டு, பிறகு எதற்கும் அசையாமல் நிமிர்ந்து நின்றது. மேனேஜர் கடிகாரக் கையைத் தொங்கவிட்டிருந்தார். முதலாளி வாயைத் திறந்தபடி இருந்தார், அது அவருக்கே தெரியவில்லை.

நீ வில்லை இறக்கியதும் யாரும் கை தட்டவில்லை. முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை யாருக்கும். முருகேஸ்வரிதான் சத்தமாகக் கேட்டாள்: "கண்ண மூடிக் கேட்டா மூணு பேரு பேசுற மாதிரில்ல இருக்கு. மிச்ச ரெண்டு பேரு எங்கக்கா?" நீ சிரித்தாய். அப்போது எழுந்தது பார், கைதட்டல்! அந்த வெறும் தளத்தில் அது மழை மாதிரி விழுந்தது. விசில் அடித்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தினார்கள். இன்னொன்று வாசித்தாய். அதற்குப் பிறகும் விடவில்லை.

மாஸ்டர் கூட்டம் கலையும்வரை எழவில்லை. பிறகு மெல்ல வந்து உன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். அக்குளுக்குக் கீழே தையலை விரலால் நீவினார். "கையத் தூக்கறப்ப இங்க இழுக்குது கண்ணு. இவ்ளோ பெரிய வேலை செய்யற கைக்கு இந்தச் சட்டை பத்தாது. நான் வெட்டித் தர்றேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். படியிறங்கும்போது எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார்: "எம் பொண்ணுங்க. ஒத்த ஆளுங்க. அத்தனையும் அவ சத்தந்தானுங்க."

முதலாளி என்னிடம் தனியாக வந்தார். இந்த ஊரில் 'பரவால்லீங்க' என்பதுதான் உச்சமான பாராட்டு என்பது உனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெஷினக் கீழயே எறக்கி வெச்சுக்கலாமுங்க. ஒரு வாரம் தள்ளி மாட்டுனாப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாசிக்கச் சொல்லுங்க" என்றார். திருப்பூரில் ஒரு முதலாளி பாட்டுக்காக மெஷினைக் காக்க வைத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த ஞாயிறு படிக்கட்டில்கூட இடமில்லை. அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூட வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஊத்துக்குளியில், காங்கேயத்தில், காலியாக ஒரு பெரிய கட்டடம் கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்தாய். கோயம்புத்தூரில் பெரிய அரங்கில், விஷயம் தெரிந்தவர்கள் நிறைந்த கூட்டத்தில், மாஸ்டர் வெட்டித் தைத்த கருநீலச் சட்டையில் நின்றாய். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நீ கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடைசி வரிசைகளில் தேடினாய். கம்பெனி பஸ்ஸில் வந்த நாங்கள் அங்கேதான் இருந்தோம். எங்களைக் கண்டதும் வில்லை உயர்த்திக் காட்டினாய். முருகேஸ்வரி விசிலடித்தாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

உன் நோய் வேகமாக வந்தது, வேகமாக முடித்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உன் நினைவு ஜெபத்தில் போதகர் என்னைப் பேச அழைத்தார். நான் எந்த மேடையிலும் பேசியவள் அல்ல. வெளியூரிலிருந்து வந்த வித்வான்கள் உன் கலையைப் பற்றி விரிவாகப் பேசியிருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் நினைத்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க" என்றேன். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், "ஆனா அவ வாசிச்சு நான் கேட்டிருக்கேனுங்க" என்றேன்.

பின் வரிசையில் முருகேஸ்வரி எழுந்து நின்றாள். "நானும் கேட்டுருக்கேன்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரர் எழுந்தார். "நானுங்க." பக்கத்துக் கம்பெனி மேனேஜர் எழுந்தார். ஒடிசாப் பெண்கள் எழுந்தார்கள். முதலாளி எழுந்தார். யாரும் கூப்பிடாமலே பாதி சபை எழுந்து நின்றது. முதல் வரிசையில் மாஸ்டர் திரும்பி உட்கார்ந்து, நின்றவர்கள் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவரின் முகம் நிமிர்ந்தது. நாங்கள் அப்படியே நின்றோம், அவர் எல்லோரையும் பார்த்து முடிக்கும்வரை.

தெருவில் அவர்களில் யாரையாவது பார்த்தால் இப்போதும் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். 'நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுபோல. ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெருமை இருக்கலாம். எனக்கு இது போதும் புள்ள. தலை நிமிர்ந்துதான் வேலைக்குப் போகிறேன்.