காரணம்: சும்மா இருக்க

அக்கா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு லீவு லெட்டர் வந்தது. கையில் எடுத்ததுமே பிளீச்சிங் பவுடர் வாசம். உங்கள் நினைப்பு வந்து, கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

நம் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு லீவு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததா? காய்ச்சலோ காதுகுத்தோ, பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும். உங்களுக்கு முடியாத நாட்களில் உங்கள் தங்கை உங்கள் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு கடைவீதியைக் கூட்டுவாள். நான் உங்கள் பெயருக்கு நேரே வருகை போடுவேன். பெரிய புண்ணியம் செய்வதாக எனக்கு நினைப்பு வேறு.

ஒருநாள் தொழிலாளர் துறைக் கூட்டத்துக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தீர்கள்.

“ஏனுங்க அம்மணி, ஆறு நாள் வேலை செஞ்சா ஒரு நாள் சம்பளத்தோட லீவுன்னு சொல்றாங்க. நெசமுங்களா?”

நிஜம்தான். அதைச் சொல்லும் சுற்றறிக்கையைக் கோப்பில் கட்டி பீரோவில் வைத்தவளே நான்தான். இதெல்லாம் நம் ஊரில் எங்கே நடக்கப்போகிறது என்று அப்படியே விட்டிருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

“இந்தக் காயிதம் எந்த ஆபீசுக்குங்க வந்துச்சு?”

“நம்ம ஆபீசுக்குத்தானுங்க்கா.”

“அப்ப எங்களுக்குத்தானுங்க வந்திருக்குது.”

உடனே லெட்டர் எழுதித் தரச் சொன்னீர்கள். உடம்பு சரியில்லை என்று போடட்டுமா என்று கேட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்; என் தற்செயல் விடுப்பெல்லாம் காய்ச்சலும் வயிற்றுவலியும்தான்.

“பொய் எதுக்குங்க? ஊட்ல சும்மா உக்காந்திருக்கோணும்னு போடுங்க.”

ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி குதித்தார். “பதில் ஆள் உடாம நின்னீனா அப்பறம் வேலைக்கே வராத!” உங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேலையால்தான். நீங்களோ அசையவில்லை.

“நிறுத்தறதுன்னா அதையும் எழுதிக் குடுத்துப்போடுங்க.”

செயல் அலுவலர் சுற்றறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கடைவீதி குப்பையாகவே கிடந்தது. ஒரு மளிகைக்கடைக்காரர் போனில் சத்தம் போட்டார். “அந்தக்கா இன்னைக்கு லீவுங்க” என்றேன். அடேயப்பா, அதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு பெருமை! அடுத்த வாரமே இன்னும் நாலு பேர் லெட்டரோடு வந்து நின்றார்கள்.

போன தையில் நெஞ்சுவலி வந்து பொசுக்கென்று போய்விட்டீர்கள். அன்றைக்குத் தூய்மைப் பணியாளர் அத்தனை பேரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மயானம் வரை வந்தார்கள். பதில் ஆள் ஒருவர்கூட வரவில்லை. நான் பதிவேட்டில் வரிசையாக விடுப்பு என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன்.

இன்றைய லெட்டர் உங்கள் தங்கையுடையது. இப்போது அவள் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. பச்சைக் கோட்டும் அவளுடையதேதான். காரணம் என்ற இடத்தில், கோணல்மாணலாக, அவளே எழுதியிருக்கிறாள்: சும்மா இருக்க.

ஒன்றும் கேட்காமல் மேலே அனுப்பினேன். பிறகு இன்னொரு தாள் எடுத்து எனக்கும் ஒரு நாள் லீவு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா பழக்க தோஷத்தில் கொஞ்சம் தயங்கியது.

நாளைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, அக்கா.