ஆறாவது மணியின் தோல் உறை

அக்டோபர் 29, ஞாயிறு

மன்னிக்கவும், திருமதி லாங்டன். இந்த நோட்டை நீங்கள் தந்தது இதற்காக அல்ல. ஜூலை மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நிற்கையில், "கவுன்சில் வாடகை வீட்டுத் தெருவிலேர்ந்து முதல் பட்டதாரி! நம்ம கெர்ரி டெபட்டுக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்று சொல்லி, இதை என் கையில் வைத்தீர்கள். "நல்ல நல்ல எண்ணங்களா எழுதும்மா." காது வரை சிவந்துபோய் நன்றி சொன்னேன். மூன்று மாதமாக ஒரு நல்ல எண்ணமும் வரவில்லை.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. நர்ஸ் வந்து, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு இனி வாரக்கணக்குதான்.

அக்டோபர் 30, திங்கள்

ஜெஃப் பாஸ்க் வீட்டுக்குப் போனேன். சர்ச் மணிக்கூண்டுக்கு அவர்தான் தலைவர். கதவைத் தட்டுவதற்கு முன் தெருவை இரண்டு முறை சுற்றினேன்.

மணியடிப்பவர் இறந்தால் ஆறு மணிகளின் நாக்கிலும் ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டுவார்கள். ஒரு அடி கணீரென்று விழும். அடுத்தது, அதே மணி எங்கோ மூன்று ஊர் தள்ளி அடிப்பது போல. போர் நினைவு ஞாயிறன்றும் அப்படித்தான். அப்பா இருபத்தாறு வருஷம் ஆறாவது மணியை அடித்தவர். அது கனத்த மணி, ஒவ்வொரு சுற்றையும் முடித்து வைப்பது. அவருக்கு உறை கட்டி அடிப்பார்களா?

"என்னைக் கேட்டா இப்பவே சரிம்பேன்," என்றார் பாஸ்க். "ஆனா கமிட்டி சொல்லணுமே. கமிட்டின்னா யாருன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். சர்ச் வார்டன், அதாவது சபையின் நிர்வாகி, திருமதி ரோசமண்ட் லாங்டன்.

நவம்பர் 2, வியாழன்

அப்பா அரைக் கிண்ணம் சூப் குடித்தார். கல்லறைத் தோட்டத்துப் புல்லை இப்போது யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டார். அவர் விட்டதிலிருந்து யாரும் வெட்டவில்லை.

நவம்பர் 6, திங்கள்

சபைக் கமிட்டி. படித்த பெண் என்பதால் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது, பெருமை மட்டும்.

ஐந்தாவது விஷயமாக பாஸ்க் எழுந்து, அப்பாவுக்கு உறை கட்டி அடிக்கலாமா என்று கேட்டார். லாங்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராய் மேல எனக்கு அனுதாபம் உண்டு. ஆனா அவர் மணியடிக்கிறவர் இல்லையே, ஜெஃப். ஒன்பது வருஷமா பட்டியல்ல பேரே இல்ல."

"பேரை அடிச்சது யாரு, ரோசமண்ட்?"

"என் பொண்ணு கல்யாணத்துல சாவு மணி அடிச்சது யாரு?"

தலைமை தாங்கிய ஆயரம்மாவுக்கு எங்களோடு சேர்த்து ஆறு ஊர்ச் சபைகள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஐந்து. நான் உறுப்பினர் அல்ல. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்பா பெயரை எழுதி, பக்கத்தில் "நிராகரிக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நானே எழுதினேன்.

போகும்போது லாங்டன் என் தோளைத் தட்டி, "நோட்டு பயன்படுதாம்மா?" என்றாள். ஆமாம், பயன்படுது. உன்னைத் திட்டத்தான்.

நவம்பர் 7, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். எல்லாம் அவளைப் பற்றியே. வசதியாக இருக்கிறது, இல்லையா கெர்ரி?

சரி. உள்ளதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டு ஏழு மாதம். நினைவு ஞாயிறு முடிந்தது. உறையைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், அது கூண்டின் விதி. கட்டியவர் அப்பா. அன்று அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "மேல போய் ஆறையும் எடுத்து ஆணியில மாட்டிட்டு வந்துடு கண்ணு" என்று என்னை அனுப்பினார்.

ஐந்தை எடுத்தேன். ஆறாவது மணி கடைசி மூலையில் இருந்தது. ஒரு பலகை மேல் நடந்துதான் போக வேண்டும். பலகையில் செத்த காக்கை ஒன்று, கண் இல்லாமல். நான் இறங்கி வந்துவிட்டேன். "ஆறும் எடுத்தாச்சுப்பா."

புதன்கிழமைப் பயிற்சி நடந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கல்யாணப் பூ அலங்காரம் கெட்டுவிடும் என்று அந்த வாரப் பயிற்சியை ரத்து செய்தது யார்? அவள்தான். இதை நான் விடமாட்டேன். ஆனாலும்.

சனிக்கிழமை இமோஜென் லாங்டன் பூங்கொத்தோடு சர்ச் வாசலில் வந்து நிற்க, ஐந்து மணிகளும் பளீர் பளீரென்று சிரித்தன. ஆறாவது மட்டும் ஒரு அடி விட்டு ஒரு அடி செத்தது. கூட்டம் மேலே பார்த்தது. மணப்பெண் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தபோது, எதனால் என்று அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்துபோனது: அந்த மணியால்தான்.

"மறந்துட்டேன்" என்றார் அப்பா எல்லோரிடமும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு அவரும் கயிறு தொடவில்லை, நானும் தொடவில்லை.

நவம்பர் 9, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். தலையணையைச் சரிசெய்யும் சாக்கில், முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும்," என்றார். "கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலமே மேல ஏறிப் பாத்தேன். அஞ்சு ஆணியில அஞ்சு உறை, அழகா வரிசையா. ஆறாவது ஆணி காலி."

"ஏம்ப்பா சொல்லல?"

"பதிமூணு வயசுடி உனக்கு. அந்தம்மா உன்னை உப்புப் போடாமத் தின்னிருக்கும்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "பாஸ்க்கிட்ட அடிக்க வேணாம்னு சொல்லு. ஆறாவதுக்கு அந்த ஹ்யூகோ பய நிக்கிறான். எப்பவும் அரை அடி முந்துவான். பொணமா கிடந்தாக்கூட எனக்குப் பொறுக்காது" என்றார்.

சிரித்தோம். அவருக்கு இருமல் வந்தது. அடிக்க வேண்டாம் என்று அவர் சொன்னது மனதார அல்ல. எனக்குத் தெரியும்.

நவம்பர் 12, ஞாயிறு

நினைவு ஞாயிறு. உறைகளைப் பாஸ்க் கட்டியிருந்தார். சட்டையில் குத்திய காகிதப் பாப்பிப் பூக்கள், இரண்டு நிமிட மௌனம், தேநீர். பிஸ்கட் தட்டின் அருகே லாங்டன் நின்றிருந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அவர் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். பலகை, காக்கை, பொய், எல்லாம்.

அவர் கத்தவில்லை. "ஒன்பது வருஷம்," என்றார். "குடும்பமா சேர்ந்து என் முகத்தைப் பாத்து சிரிச்சிருக்கீங்க."

"அப்பா ஒண்ணும் பண்ணல. அதனால தயவுசெஞ்சு அவருக்கு—"

"அவர் பண்ணலன்னாலும் மறைச்சாரே. அப்போ பட்டியல்லேர்ந்து பேரை அடிக்க ரெண்டு பேர் இருக்கீங்க." பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பாதியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "மினிட்ஸ் எழுத இனி வேற ஆளைப் பாத்துக்கறேன்."

யாரும் என் பக்கம் வரவில்லை. பாஸ்க் மட்டும் தூரத்திலிருந்து, தேநீர் ஆறியது கூடத் தெரியாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 14, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு அப்பா போய்விட்டார். அம்மா அவர் கையைப் பிடித்திருந்தாள். நான் பாதத்தை.

நவம்பர் 16, வியாழன்

வலது உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது, பேனா நழுவுகிறது. நேற்று மாலை இருபது நிமிடம் மணிச் சத்தம். எங்கள் தெரு வரை கேட்டதாம். ஜன்னலைத் திறந்து வைத்து அம்மா கேட்டிருக்கிறாள். வெளியே நாயோடு போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்களாம்.

நடந்தது இதுதான். நான்கு மணிக்குப் பாஸ்க் போன் செய்தார். "ஏழு மணிக்குப் பயிற்சி. வழக்கமான புதன்கிழமைப் பயிற்சிதான். சும்மா சொல்றேன்."

போனேன். கூண்டில் ஐந்து பேர். ஹ்யூகோ வரவில்லை, அவன் திருமதி லாங்டனின் தம்பி மகன். இரண்டாவது மணியை அடிக்கும் டோரீன், கையைத் தேய்த்துக்கொண்டே, "உறையெல்லாம் எடுத்தாச்சா ஜெஃப்?" என்றாள்.

"எந்த உறை?" பாஸ்க் தலையைச் சொறிந்தார். "அடடா. ஞாயித்துக்கிழமை கட்டினது. மறந்தே போயிட்டேனே. இப்ப ஏற முட்டி விடாது."

யாரும் சிரிக்கவில்லை. "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்," என்று டோரீன் கயிற்றைப் பிடித்தாள்.

அதற்குள் படியில் லாங்டனின் செருப்புச் சத்தம். யார் சொல்லிவிட்டார்களோ.

"ஜெஃப்! பயிற்சிக்கு உறை எதுக்கு? கமிட்டி முடிவு என்ன?"

"மறந்துட்டேன், ரோசமண்ட். இந்தக் கூண்டுல மறதி புதுசா?"

"உடனே எடுங்க."

"கட்டினவன்தான் எடுக்கணும். கட்டினவனுக்கு முட்டி வலி."

அவள் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, ஆறாவது கயிற்றுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஐந்து பேர் என்ன அடித்துவிடுவார்கள் என்று. அவளுக்கும் தெரியும், ஆறாவது விழாமல் எந்தச் சுற்றும் முடியாது. ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். நான் கயிறு பிடித்து ஒன்பது வருஷமாகிறது என்று தெரிந்த ஐந்து பேர்.

நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, திருமதி லாங்டன். அந்தக் கயிறு எனக்கு வேணும்."